பூட்டிய பெட்டியை வீட்டுக்குள் வைக்கலாமா?



உங்களுள் சிலர் வீட்டுக் கணிப்பொறியில் லினக்ஸை நிறுவிப் பார்த்திருப்பீர்கள். தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்ஸும் உடன் வந்தது. அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய அந்தக் கருவி உங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கக்கூடும். லினக்ஸை நிறுவுவது இன்று கடினமான வேலையன்று. ஆனால் உங்கள் கணிப்பொறிக்குள் என்விடியா நிறுவனத்தின் வரைகலை அட்டை இருந்துவிட்டால், நிறுவி முடித்த கையோடு ஒரு கேள்வி எழும். அட்டையைச் செய்த நிறுவனம் தரும் மூடிய டிரைவரைப் போடுவதா, லினக்ஸுடன் தானாகவே வரும் திறந்த டிரைவரோடு இருந்துவிடுவதா?

இக்கேள்விக்கு என் மாணவர்களிடம் இரண்டு விதமான விடைகள் உண்டு. "எது வேகமோ அதைப் போடு, மற்றதெல்லாம் வீண் பேச்சு" என்பார் ஒரு சாரார். "மூடிய மென்பொருளைத் தொடுவதே பாவம்" என்பார் மறு சாரார். இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை. தேவை இருந்தால் மூடிய டிரைவரை நிறுவலாம் என்பதே என் கருத்து. ஆனால் எதை நிறுவுகிறோம், அது கணிப்பொறியின் எந்த இடத்தில் போய் உட்காருகிறது, நாளை அது நம்மைக் கைவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே நிறுவ வேண்டும். இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். இருக்கிறது, பொறுத்திருந்து படியுங்கள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. சாதாரணத் திரை ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 படப்புள்ளிகள் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். திரை ஒரு விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே விநாடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் சொல்லியாக வேண்டும். ஒரு புள்ளிக்கு 4 பைட் எனக் கொண்டால், விநாடிக்கு ஏறத்தாழ 50 கோடி பைட்! இதுவும் நிறங்களை அனுப்புவதற்கு மட்டுமே. முப்பரிமாணக் காட்சியாக இருந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி எங்கிருந்து விழுகிறது, எந்தப் பரப்பு எதை மறைக்கிறது என்றெல்லாம் கணக்கிட்ட பிறகுதான் நிறமே தெரியவரும். கணிப்பொறியின் மையச் செயலி கெட்டிக்கார வேலையாள். ஆனால் கைகள் சிலவே. எனவேதான் எளிய கூட்டல் பெருக்கல்களை ஒரே நேரத்தில் செய்யும் ஆயிரக்கணக்கான சிறு செயலிகளை ஒரே சில்லில் அடுக்கி, வரைகலைச் செயலி என்று தனியே செய்தார்கள். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் 3060 என்ற அட்டையில் இத்தகைய சிறு செயலிகள் 3584 உள்ளன.

இத்தனை பேரையும் வேலை வாங்குவது யார்? அதுதான் டிரைவர். தமிழில் இயக்கி என்போம். வரைகலை அட்டைக்கு 'ஒரு வட்டம் வரை' என்றால் புரியாது. அதற்குள் ரெஜிஸ்டர்கள் எனப்படும் எண்ணிட்ட சிற்றறைகள் உள்ளன. இந்த அறையில் இந்த எண்ணை எழுதினால் நினைவகக் கடிகாரம் வேகமாக ஓடும், அந்த அறையில் அந்த எண்ணை எழுதினால் இரண்டாம் திரை எரியும் என்று ஒரு பெரிய பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை அறிந்த மென்பொருளே இயக்கி. அது மட்டுமன்று. நிழலையும் ஒளியையும் கணக்கிடும் சிறு நிரல்களை, அந்தச் சில்லுக்கு மட்டுமே புரியும் கட்டளைகளாக அவ்வப்போது மொழிபெயர்த்துத் தருவதும் இயக்கியின் வேலைதான். அதாவது இயக்கிக்குள் ஒரு முழு மொழிபெயர்ப்பு நிரலே இருக்கிறது. சுட்டிக்கான இயக்கி சிறியதாகவும், வரைகலை அட்டைக்கான இயக்கி சில நூறு மெகாபைட்டாகவும் இருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

இனி 'மூடிய' என்பதற்குப் பொருள் காண்போம். தேர்வில் நீங்கள் ஒரு கணக்குக்கு விடையை மட்டும் எழுதி, வழிமுறையை எழுதாமல் விட்டால் நான் முழு மதிப்பெண் தர மாட்டேன். விடை சரியாகவே இருக்கலாம். ஆனால் அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. தவறாக இருந்தால் எந்த வரியில் தவறு என்றும் சொல்ல முடியாது. மூல நிரல் என்பது வழிமுறை. கணிப்பொறி இயக்குவதற்காக அதிலிருந்து உருவாக்கப்படும் சுழி-ஒன்றுகளின் கோப்பு வெறும் விடை. மூடிய இயக்கியில் நமக்குக் கிடைப்பது விடை மட்டுமே.

வேறு எத்தனையோ மூடிய மென்பொருள்களைப் பயன்படுத்துகிறோமே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு? காரணம், இது உட்காரும் இடம். லினக்ஸின் நடுவே கெர்னல் என்றொரு பகுதி உள்ளது. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21-ஆம் வயதில் எழுதத் தொடங்கியது இதைத்தான். நினைவகம், வட்டு, வலையமைப்பு எல்லாம் இதன் ஆட்சியில் உள்ளவை. நீங்கள் படம் பார்க்கும் மென்பொருள் பழுதானால் அது ஒன்று மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் ஏறிய ஒன்று பழுதானால் கணிப்பொறி முழுவதும் நின்றுபோகும். வரைகலை இயக்கியின் ஒரு பகுதி கெர்னலுக்குள்தான் ஏற வேண்டும், வேறு வழியில்லை. வாசலில் நிற்கும் விருந்தாளியிடம் கேட்காத கேள்விகளை, பூசையறைச் சாவியைக் கேட்பவரிடம் கேட்க மாட்டோமா?

லினக்ஸ் கெர்னலைச் செய்பவர்கள் இதற்கென்றே ஓர் அடையாளக் குறி வைத்திருக்கிறார்கள். மூடிய பகுதி ஒன்று ஏறியவுடன், 'இக்கெர்னல் கறைபட்டது' என்று அது தன்னைத் தானே குறித்துக்கொள்ளும். பிறகு ஏதேனும் கோளாறு என்று நீங்கள் கெர்னல் குழுவினருக்கு எழுதினால், "அந்த இயக்கியை எடுத்துவிட்டு மீண்டும் முயன்று பாருங்கள்" என்ற பதில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். அவர்களைக் குறை கூற முடியாது. வழிமுறை இல்லாத விடைத்தாளை யார் திருத்துவது?

இந்த மூடலை எதிர்த்து ஒரு சிறு கூட்டம் செய்த வேலையைச் சொல்கிறேன். இயற்பியல் படிக்கும் எவருக்கும் அது பிடித்துப்போகும்.

2005-ஐ ஒட்டி, என்விடியா அட்டைகளுக்குத் திறந்த இயக்கி ஒன்றை எழுதச் சிலர் முனைந்தனர். 'நூவோ' என்று பெயரிட்டனர். பிரெஞ்சு மொழியில் 'புதிய' என்று பொருள். ரெஜிஸ்டர் பட்டியலை நிறுவனம் தரவில்லை. பின் எப்படி எழுதுவது? மூடிய இயக்கியையே ஓட விட்டு, அது அட்டையோடு பேசுவதை ஒட்டுக் கேட்டார்கள். ஒரு முக்கோணம் மட்டும் வரையும்படி கட்டளையிடுவது. வரைவதற்கு முன்னும் பின்னும் அட்டைக்குப் போன எண்களைப் பதிந்து வைப்பது. பிறகு அதே முக்கோணத்தைச் சற்றுப் பெரிதாக வரையச் சொல்வது. எந்த எண் மாறிற்று என்று பார்ப்பது. நிறத்தை மாற்றினால் எது மாறுகிறது? இழைநயத்தை ஒட்டினால் எது மாறுகிறது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாறாமல் வை. நம் ஆய்வகத்தில் ஓம் விதியைச் சரிபார்க்கும்போது செய்வதும் இதுவேயல்லவா? பல்வேறு அட்டைகளை வைத்திருந்த பயனர்கள் இச்சோதனை நிரலைத் தங்கள் வீட்டிலேயே ஓட்டி, கிடைத்த எண்களைக் குழுவுக்கு அனுப்பி வைத்தார்கள். அட்டைக்குள் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணையும் வழிமறித்துக் குறிக்கும் கருவி ஒன்று பின்னர் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது.

1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டெனும் மெல்லிய உலோகத் தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களை எறிந்து, அவை எந்தக் கோணத்தில் சிதறுகின்றன என்று இருட்டறையில் உட்கார்ந்து எண்ணினார்கள். அணுவைத் திறந்து பார்க்க முடியாது. உள்ளே ஒன்றை எறிந்து, வெளியே வருவதைப் பார்க்க முடியும். 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்டது இவ்வழியில்தான். நூவோ குழுவினர் செய்ததும் ஒரு வகையில் ரூதர்ஃபோர்டின் முறையே. 2010-இல் அவர்களின் இயக்கி அதிகாரப்பூர்வமாக லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. நீங்கள் இன்று லினக்ஸை நிறுவியவுடன், எதையும் தனியே போடாமலே என்விடியா அட்டையில் படம் தெரிகிறது என்றால், பெரும்பாலும் இவர்களுடைய உழைப்பால்தான்.

பாராட்டலாம். ஆனால் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ரூதர்ஃபோர்டு தேடியதை அதற்கு முன் எவரும் அறியார். நூவோ குழுவினர் தேடியதோ ஏற்கெனவே எழுதப்பட்டு ஓர் அலுவலக அலமாரியில் இருக்கிறது! இயற்கை மூடி வைத்ததைத் திறப்பது ஆராய்ச்சி. ஒரு மனிதர் எழுதி வைத்த குறிப்பேட்டை இன்னொரு மனிதர் ஆண்டுக்கணக்கில் ஊகித்துக் கண்டுபிடிப்பது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமானாலும், உழைப்பு விரயமே. அந்த மூளைகள் வேறு எதையாவது கண்டுபிடித்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. என்விடியா தன் சில்லுகளின் தலைமுறைகளுக்கு அறிவியலாளர் பெயர்களை வைக்கிறது. டெஸ்லா, ஃபெர்மி, கெப்ளர், மாக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா, டூரிங், ஆம்பியர் என்று நம் பாடப்புத்தகத்தின் பொருளடக்கம் போலவே இருக்கும். வோல்டா என்ன செய்தார் தெரியுமா? 1800 மார்ச்சில், துத்தநாகத் தட்டுகளையும் வெள்ளித் தட்டுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் அடுக்கி மின்சாரம் பெறும் முறையை விவரமாக எழுதி லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். கடிதத்தைப் படித்த நிக்கல்சனும் கார்லைலும் தாங்களே ஓர் அடுக்கைச் செய்தனர். மே மாதத் தொடக்கத்தில், அதாவது ஏறத்தாழ ஆறே வாரத்தில், அதைக் கொண்டு நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தும் காட்டிவிட்டனர்! மின்பகுப்பு என்ற துறையே இவ்வாறு பிறந்தது. வோல்டா தம் அடுக்கை மெழுகிட்டு மூடி, 'உள்ளே என்ன என்று கேட்காதீர்; மின்சாரம் வருகிறதல்லவா?' என்றிருந்தால் அந்த ஆறு வாரம் எத்தனை ஆண்டுகளாக நீண்டிருக்குமோ!

மாக்ஸ்வெல்லின் கதை இதற்கு நேர் எதிர். அவர் தம் மின்காந்தக் கொள்கையை 1865-இல் எல்லாரும் படிக்க அச்சிட்டுத் தந்தார். அவர் பெயர் தாங்கிய சில்லுகளின் இரண்டாம் பிரிவோ, 2014 முதல், நிறுவனத்தின் மறைக்குறிக் கையொப்பம் உள்ள ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கும்படி செய்யப்பட்டது. கையொப்பம் இல்லாதவர் அட்டையின் கடிகார வேகத்தை உயர்த்த முடியாது. நூவோ அந்த அட்டைகளில் படம் காட்டும். ஆனால் நடக்கும், ஓடாது. ஒட்டுக் கேட்கும் வழியும் இங்கே பயன்படவில்லை. சொல் என்னவென்று கேட்டுவிடலாம், குரலைத் திருட முடியாதே!

இப்படி இருந்தால் கோபம் வராதா? 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், தாம் பழகிய நிறுவனங்களிலேயே மிக மோசமானது என்விடியாதான் என்று சொல்லி, நான் இங்கே விவரிக்க விரும்பாத ஒரு சைகையையும் காட்டினார். சைகையை விட்டுவிடுங்கள். காரணத்தை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. ஓர் இயக்கியை எழுதப் பெரும் பொருள் செலவாகிறது. அதில் பிறரிடமிருந்து உரிமம் பெற்ற பகுதிகள் கலந்திருக்கும். அவற்றை வெளியிட இவர்களுக்கு உரிமை இராது. சில்லின் அமைப்பைப் போட்டியாளர் ஊகித்துவிடுவார் என்ற அச்சமும் உண்டு. இவை போலிக் காரணங்கள் அல்ல. ஆனால் கடக்க முடியாத காரணங்களும் அல்ல என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2006-இல் ஏ.டி.ஐ நிறுவனத்தை வாங்கிய ஏ.எம்.டி, அடுத்த ஆண்டே தன் வரைகலைச் சில்லுகளின் விவரக் குறிப்புகளை வெளியிட முன்வந்தது. இன்று ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய இரண்டின் இயக்கிகளும் திறந்த நிலையில் லினக்ஸுடனேயே வருகின்றன. இரண்டு நிறுவனங்களும் அதனால் மூழ்கிப்போகவில்லை.

என்விடியாவும் இறங்கி வந்தது. 2022 மே மாதத்தில், கெர்னலுக்குள் ஏறும் பகுதியின் மூல நிரலை மட்டும், டூரிங் முதலான புதிய சில்லுகளுக்காக வெளியிட்டது. நல்ல செய்திதான். ஆயினும் முன்பு இயக்கிக்குள் இருந்த வேலைகளில் பெரும்பகுதி இப்போது அட்டைக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு செயலியின் ஃபர்ம்வேருக்குப் போய்விட்டது; அது மூடியேதான் இருக்கிறது. மேலே நாம் பார்த்த மொழிபெயர்ப்புப் பகுதியும், கூடா என்ற கணக்கிடும் அமைப்பும் மூடியவையே. பூசையறைக் கதவு திறந்தது. உள்ளே இன்னொரு பெட்டி, அதற்கும் பூட்டு.

சரி, வேகமாக ஓடும் மூடிய இயக்கியால் அன்றாட வாழ்வில் என்ன நட்டம்? எனக்குத் தோன்றும் பெரிய நட்டம் ஆயுள்தான். ஓர் எடுத்துக்காட்டு. 2012-இல் கிரிஷெவ்ஸ்கி, சுட்ஸ்கெவர், ஹின்டன் ஆகிய மூவரும் படங்களை இனங்காணும் நரம்பு வலை ஒன்றைப் பயிற்றுவித்தனர். இன்றைய செயற்கை நுண்ணறிவுப் புரட்சி அதிலிருந்து தொடங்கியது என்பர். ஹின்டனுக்கு 2024-இல் ஹாப்ஃபீல்டுடன் சேர்த்து இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. அந்தப் பயிற்சிக்கு அவர்கள் பயன்படுத்தியவை ஜி.டி.எக்ஸ் 580 என்ற ஃபெர்மி வகை அட்டைகள் இரண்டு; ஐந்தாறு நாள் ஓடின. அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற அதே வகை அட்டை இன்று உங்கள் கையில் கிடைத்தால்? ஃபெர்மிக்கான நிறுவனத்தின் இயக்கி ஆதரவு 2022 இறுதியோடு முடிந்துவிட்டது. அட்டை கெடவில்லை, மின்தடையும் மின்தேக்கியும் நன்றாகவே இருக்கும். ஆனால் கெர்னல் ஒவ்வொரு ஒன்பது பத்து வாரத்துக்கும் புதிதாகிறது. அதன் உள்ளிணைப்புகள் மாறுகின்றன. பழைய மூடிய இயக்கியை அதற்கேற்ப ஒட்டுப்போட வெளியார்க்கு வழி மிகக் குறைவு. அந்த அட்டையில் இன்று படம் காட்டக்கூடியது, நிறுவனத்தின் விருப்பத்துக்கு மாறாக ஒட்டுக் கேட்டு எழுதப்பட்ட அதே நூவோ!

மாக்ஸ்வெல், பாஸ்கல் வகை அட்டைகளுக்கும் 580 என்ற வரிசையே கடைசி என்று நிறுவனம் 2025-இல் அறிவித்துவிட்டது. பள்ளிகளும் சிறு கல்லூரிகளும் பழைய அட்டைகளை வைத்துத்தான் காலம் தள்ளுகின்றன என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இன்னொரு பக்கம் பாருங்கள். 2002-இல் வெளிவந்த ரேடியான் 9700 வகை அட்டைகளுக்கான திறந்த இயக்கி இன்றும் மேசா என்ற தொகுப்பில் உயிரோடு இருக்கிறது. அதைச் செய்த நிறுவனமே கைமாறிவிட்டது. உங்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. மூல நிரல் ஊரார் கையில் இருந்ததால், ஆர்வமுள்ள யாரோ ஒருவர் அதைப் பழுது பார்த்துக்கொண்டே வருகிறார்.

இனி, நிறுவத்தான் வேண்டும் என்றால் எப்படி? சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் தேவையா என்று பாருங்கள். விண்டோஸ் பழக்கத்தால் இன்டெல் வரைகலை மட்டுமே உள்ள மடிக்கணிப்பொறிக்கும் 'டிரைவர்' தேடி அலையும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். அங்கே நிறுவ ஒன்றுமில்லை. எல்லாம் முன்பே உள்ளே இருக்கிறது. எந்த அட்டை என்று தெரியாவிட்டால் முனையத்தில் எல்.எஸ்.பி.சி.ஐ என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டினால் பட்டியல் வரும். என்விடியாவாகவே இருந்தாலும், கட்டுரை எழுதவும் பாடப் படம் பார்க்கவும் மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் நூவோ போதும். முப்பரிமாண வரைவு, கூடா வழியே கணக்கீடு, கனமான விளையாட்டு என்று வந்தால்தான் மூடிய இயக்கிக்குத் தேவை வரும்.

தேவை என்று முடிவு செய்தால், நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரே கோப்பை இறக்கி ஓட்டாதீர்கள். அது தன் கோப்புகளைத் தானே பரப்பி வைக்கும். உங்கள் லினக்ஸுக்கு அது தெரியாது. பிறகு கெர்னல் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் காலையில் கறுப்புத் திரை வந்து நிற்கலாம். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற சாளரத்தைத் திறந்தால் உங்கள் அட்டைக்குப் பொருந்தும் இயக்கியை அதுவே பரிந்துரைக்கும். ஃபெடோராவில் ஆர்.பி.எம் ஃபியூஷன் என்ற களஞ்சியத்திலிருந்தும், டெபியனில் கட்டற்றவை அல்லாதவற்றுக்கான தனிப் பிரிவிலிருந்தும் பெறலாம். இவ்வழியில் வந்தால், கெர்னல் மாறும்போதெல்லாம் இயக்கியின் கெர்னல் பகுதியும் அதற்கேற்பக் கிடைத்துவிடும். பல இடங்களில் உங்கள் கணிப்பொறியே அதைப் புதிதாகத் தொகுத்துக்கொள்ளும். ஒரே அட்டையை இரண்டு இயக்கிகள் பிடித்திழுக்க முடியாதாகையால், நூவோவை விலக்கி வைக்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஓர் இடத்தில் மட்டும் பலரும் தடுக்கி விழுகிறார்கள். புதிய கணிப்பொறிகளில் 'செக்யூர் பூட்' என்ற காவல் உண்டு. கையொப்பமில்லாத பகுதியைக் கெர்னலில் ஏற விடாது. அதனால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். மறுமுறை இயக்கும்போது, லினக்ஸ் தொடங்கும் முன்பே நீலத் திரை ஒன்று தோன்றி, புதிய திறவியைப் பதியலாமா என்று கேட்கும். அவசரத்தில் 'தொடர்க' என்று தட்டிவிட்டால், திறவி பதியாது, இயக்கி ஏறாது, நாள் முழுதும் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். நிதானமாகப் படித்து, பதிவதற்கான வரியைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைத் தாருங்கள். எல்லாம் தவறிக் கறுப்புத் திரையே வந்தாலும் அஞ்ச வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துத் திரை கிடைக்கும்; அங்கிருந்து இயக்கியை நீக்கலாம். அல்லது தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம்.

அறிவியல் கணக்குகளுக்கு மூடிய இயக்கியைப் பயன்படுத்துவது பற்றி என் நிலை இது: பயன்படுத்துங்கள், ஆனால் ஒரே பெட்டியை நம்பாதீர்கள். கோள்களின் இயக்கத்தையோ வெப்பப் பரவலையோ வரைகலைச் செயலியில் கணக்கிட்டால், அதன் ஒரு சிறு பகுதியையாவது மையச் செயலியில் திறந்த நிரல் கொண்டு மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அளவுகோல் சரியா என்று இன்னொரு அளவுகோலால் பார்ப்பது நம் தொழிலில் பழைய வழக்கம்.

இதைவிட முக்கியமான நேரம், அட்டையை வாங்கும் நேரம். வாங்கிய பின் நிறுவலாமா வேண்டாமா என்று விவாதிப்பது, தாலி கட்டிய பிறகு பொருத்தம் பார்ப்பது போல. உங்கள் பள்ளிக்குக் கணிப்பொறி வாங்கும்போது ஆசிரியரிடம் சென்று, "இதன் வரைகலைக்குத் திறந்த இயக்கி உண்டா ஐயா?" என்று கேளுங்கள். விற்பவர் விழிப்பார்; விழிக்கட்டும். பத்துப் பள்ளிகள் கேட்டால் பதினோராவது பள்ளிக்கு விடையோடு வருவார்.

இறுதியாக உங்களுக்கு ஒரு சோதனை. உங்கள் லினக்ஸில் 'ப்ராக்' அடைவுக்குள் 'சிஸ்', அதற்குள் 'கெர்னல்', அதற்குள் 'டெய்ன்டெட்' என்ற கோப்பு உண்டு. அதில் இருப்பது ஒரே ஓர் எண். 0 என்றிருந்தால் கெர்னலில் கறையில்லை. வேறு எண்ணாக இருந்தால் அதை 2-இன் அடுக்குகளாகப் பிரியுங்கள். 1 வந்தால் மூடிய உரிமம் உள்ள பகுதி ஒன்று ஏறியிருக்கிறது. 4096 வந்தால் கெர்னல் மூலத்துக்கு வெளியே தொகுக்கப்பட்டது ஏறியிருக்கிறது. 8192 வந்தால் கையொப்பமற்றது ஏறியிருக்கிறது. ஒருவர் கணிப்பொறியில் 12289 என்றும், இன்னொருவர் கணிப்பொறியில் 4096 என்றும் இருக்கிறது. இருவரும் வைத்திருப்பது என்விடியா அட்டைதான். யாருடைய இயக்கி 2022-க்குப் பின் திறக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது? பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.